மு. செல்வி, மு. செல்வி

மனுவோடு ஒரு புகைப்படம் இணைக்கப்பட்டிருந்தது. ஸ்டூடியோவின் நீலத் திரைக்கு முன்னால் இரண்டு பெண்கள் தோளை ஒட்டி நிற்கிறார்கள். இருவர் கையிலும் குடும்ப அட்டை. ஒருவர் மற்றவரைவிட நன்றாகவே உயரம். குண்டூசி குத்திய இடம் ஸ்கேனில் கறுப்புப் புள்ளியாக விழுந்திருந்தது. ஆட்சியர் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் பழகிய கையெழுத்தில் மனு: "மேற்படி செல்வியும் நானும் ஒருவரே எனக் கம்ப்யூட்டர் காட்டுவதாகச் சொல்லி எனது உதவித்தொகை நிறுத்தப்பட்டுள்ளது. அவர் எனது ஓர்ப்படி. நாங்கள் இருவர். இத்துடன் படம் இணைத்துள்ளேன்."

அந்தக் கம்ப்யூட்டர் நான்தான்.

அப்போது சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். பயனாளிகள் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை இருந்தால் கண்டுபிடித்து, இரண்டு பதிவையும் ஒன்றாக்கித் தருவது எங்கள் வேலை. ஆதார் எண் இருக்கும்போது பெயரை வைத்து ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்கள், பழைய பட்டியல்களைத் திறந்து பார்த்திராதவர்கள். ஆதார் கட்டம் பலருக்குக் காலியாக இருக்கும். சிலருக்கு அதில் குடும்ப அட்டை எண் உட்கார்ந்திருக்கும். ஆகவே பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, தெரு, கதவு எண் இவற்றை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

பெயரில் தொடங்குகிறது வம்பு. உச்சரிப்பை வைத்துப் பெயர்களை வகைப்படுத்தும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மிச்சமுள்ள மெய்யெழுத்துகளை மூன்று இலக்கமாகச் சுருக்கும். அந்த நாட்டுக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்தது அது. நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதி அதற்குள் போட்டால் கண்ணனும் கண்மணியும் ஒரே குறியீடாகிவிடுவார்கள்: கே 550. எழிலரசியை ஒரு ஊழியர் 'இசட்-எச்' போட்டும் இன்னொருவர் வெறும் 'எல்' போட்டும் தட்டியிருந்தாலோ, அவர் இரண்டு ஆளாகிவிடுவார். குணசேகரன் 'ஜி'யில் தொடங்கினால் ஒருவர், 'கே'யில் தொடங்கினால் வேறொருவர்.

எழுத்துகளை எண்ணிப் பார்க்கும் முறையும் உண்டு. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைத் திருத்த, சேர்க்க, நீக்க வேண்டும் என்று கணக்கிடுவது. 1965-இல் விளாடிமிர் லெவன்ஷ்டைன் என்ற சோவியத் கணிதவியலாளர் தந்தது. தகவல் போகும் வழியில் ஏற்படும் பிழைகளைத் திருத்துவது பற்றி யோசித்தவர் அவர். எங்கள் ஊர்ப் பெயர்கள் அவர் கனவிலும் வந்திருக்காது. ஆங்கில எழுத்தில் லக்ஷ்மிக்கும் லெட்சுமிக்கும் இடையிலுள்ள தூரம் நான்கு. செல்விக்கும் செல்வனுக்கும் இடையில் இரண்டே. கணக்கைக் கேட்டால் அக்காளும் தம்பியும் ஒரே ஆள், ஒரே லட்சுமி இரண்டு ஆள்.

இனிஷியலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குடும்பப் பெயர் என்ற கட்டம் நமக்கு எப்போதும் இடைஞ்சல்தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, தங்கள் பெயரில் என்ன குறை என்று நம்மவர்கள் பலர் முதல்முறையாக யோசித்திருப்பார்கள். உள்ளூரிலும் சிக்கல் உண்டு. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின்னர் கணவரின் எழுத்து. ஆங்கிலத்தில் 'கே' என்று இருப்பது தமிழில் க, கா, கி, கு, கோ எதுவாகவும் இருக்கலாம்.

பிறந்த தேதியைத்தான் நாங்கள் மலைபோல் நம்பினோம். யாரோ இருவருக்குத் தற்செயலாக ஒரே பிறந்த தேதி அமைவது அரிது. எனவே தேதி ஒத்துப்போனால் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கலாம். பாடப்புத்தகத்தில் இது சரி. ஆனால் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று வாத்தியார் ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்ட ஊர் இது. பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு வயதைக் கேட்டு, வருடத்தைக் கழித்து, ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். எங்கள் பட்டியலில் ஜனவரி 1 அன்று பிறந்தவர்களைச் சேர்த்தால் ஒரு தாலுகாவே தேறும்.

இத்தனையையும் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் போடும் கணிதத்தை 1969-இல் ஐவன் ஃபெலகி, ஆலன் சன்டர் என்ற இருவர் எழுதினார்கள். கனடா அரசின் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். ஃபெலகி 1956 எழுச்சியின்போது ஹங்கேரியை விட்டு வந்தவர். பிற்பாடு கனடாவின் தலைமைப் புள்ளியியலாளராகவும் ஆனார். இந்தத் துறையில் இன்றும் அவர்களுடைய கட்டுரையிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள், நான் உட்பட. அந்தக் கட்டுரையில் கோடு ஒன்றில்லை, இரண்டு. மேல் கோட்டைத் தாண்டினால் ஒரே ஆள். கீழ்க் கோட்டுக்கு அடியில் என்றால் வேறு ஆள். நடுவில் விழுபவர்களை எழுத்தர் ஒருவர் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். கணிதம் தன் வாயாலேயே 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும் இடம் அது.

எங்கள் அலுவலகத்தில் அந்த நடுப்பகுதிக்குச் 'சந்தேகம்' என்று பெயர். 'இன்று சந்தேகம் எவ்வளவு?' என்பதுதான் காலைக் கேள்வி. அதைப் பார்க்க ஒப்பந்தத்தில் ஆறு பேர். அவர்களில் ஒருவர் வருவாய்த் துறையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை மேடம் என்போம். அவர் எங்களை அம்மா, தம்பி என்பார். மற்றவர்கள் ஒரு நாளில் 300 ஜோடி பார்த்தால் அவர் 120. ஆரம்பத்தில் அவருக்கு வேகம் போதவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. "ஒரே ஆள் இல்லையம்மா. அண்ணனும் தம்பியும் அவர்கள் அப்பா பெயரையே மூத்த பையனுக்கு வைத்திருக்கிறார்கள். கதவு எண்ணைப் பார், பாகம் பிரிக்காத வீடு." இன்னொரு ஜோடி: "மாரியம்மன் கோயில் தெரு எந்த ஊரில்தான் இல்லை? கிராமக் கணக்கு எண் வேறு, பார்." திரையில் 'ஒருவரே', 'வேறு' என்ற இரண்டு பொத்தானோடு 'நேரில் பார்க்கவும்' என்று மூன்றாவதும் இருந்தது. அதை மேடத்தைத் தவிர யாரும் தொட்டதில்லை.

நிர்வாகத்துக்கு அந்த மூன்றாவது பொத்தான் கண்ணை உறுத்தியது. அதை அழுத்தினால் கோப்பு மாவட்டத்துக்குப் போகும், மாதக்கணக்கில் திரும்பாது, எங்கள் ரசீதும் அதோடு நிற்கும். ஒரு கூட்டத்தில் எங்கள் மேலாளர் கேட்டார்: "சந்தேகப்படுவதற்காகவா நமக்குப் பணம் தருகிறார்கள்?" அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. மேல் கோட்டைக் கொஞ்சம் இறக்கலாம், கீழ்க் கோட்டைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று முடிவாயிற்று. மேல் கோடு 0.95 என்று இருந்ததை 0.88 என்று மாற்றியது நான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரே ஒரு வரி. திங்கட்கிழமை சந்தேகம் கால்வாசியாகக் குறைந்திருந்தது. கேசரி வாங்கிக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். ஒப்பந்தக்காரர்களில் நான்கு பேரை அடுத்த மாதம் அனுப்பிவிட்டார்கள். மேடம் மட்டும் எப்படியோ தப்பினார்.

மு. செல்வி, முருகனின் மனைவி. மு. செல்வி, முத்தையாவின் மனைவி. கணவர் கட்டத்தில் இரண்டு பேருக்கும் 'மு.' மட்டும். ஒரே கதவு எண், ஒரே தெரு, இருவருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1, 1958. மதிப்பெண் 0.91. பழைய கோடு இருந்திருந்தால் மேடத்தின் மேசைக்குப் போயிருக்கும்.

இதெல்லாம் எங்கள் ஒருவர் கதை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று பெயரெடுத்த திட்டத்தைப் பற்றிப் பிறகு படித்தேன். ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களாகச் சமமாக வகுத்து, உதவித்தொகை வாங்குபவர் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கடன் என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். சில வாரம் வேலை, சில வாரம் சும்மா என்று இருப்பவருக்கு அந்தச் சராசரி எப்படிப் பொருந்தும்? முன்பெல்லாம் அதிகாரி ஒருவர் விசாரிப்பார். அந்தப் படியைத்தான் எடுத்துவிட்டார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீது சட்டவிரோதக் கடன் விழுந்தது. 2023-இல் விசாரணை ஆணையம் அறிக்கை தந்தது. அவ்வளவு தூரம் போவானேன், தெலங்கானாவில் கணினி சொன்னதைக் கொண்டு ரத்து செய்யப்பட்ட 19 லட்சம் குடும்ப அட்டைகளைக் களத்துக்குப் போய் மறுபடி சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வழக்குகள் வேறு வேறு. எடுத்துப்போட்ட படி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே தெரிகிறது எனக்கு.

இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். வேலை ஏறக்குறைய அதே வேலை. மதிப்பெண்ணுக்குப் பதில், சாட்ஜிபிடி போலக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லும் மொழி மாதிரியிடமே கேட்டுவிடலாம் என்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன். மெச்சத்தான் வேண்டும்: லெட்சுமி, லக்ஷ்மி இரண்டும் ஒன்று என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் கற்பனையாக அமைத்த ஒரு ஜோடியைக் கொடுத்தபோது ஒரே ஆள் என்று காரணத்தோடு எழுதியது. அதே இரண்டு பதிவையும் இடம் மாற்றிக் கொடுத்தால் வேறு ஆள் என்று, அதே தெளிவோடு, வேறு காரணம் எழுதியது. சந்தேகம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: தெரியாது என்றால் பூஜ்யம், குத்துமதிப்பாக எழுதினால் ஒருவேளை மதிப்பெண் என்று தேர்வு வைத்தால் மாணவர்கள் எதையாவது எழுதிவைப்பார்கள், மாதிரிகளுக்கும் நாம் அப்படித்தான் தேர்வு வைக்கிறோம் என்கிறார்கள். படித்தபோது கேசரி நினைவுக்கு வந்தது.

மனுவுக்கு வருகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்ய முயன்ற முதல் காரியம், ஒன்றாக்கிய பதிவை மறுபடி இரண்டாக்குவது. முடியவில்லை. ஒன்றாக்க நிரல் இருந்தது, பிரிக்க இல்லை. அப்படி ஒரு தேவை வரும் என்று நாங்கள் யாரும் எண்ணவே இல்லை. ஒன்றாக்கும்போது ஒரு வங்கிக் கணக்கு எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருந்தோம்; 90 நாள் காப்பு நகலும் காலாவதி. இரண்டு செல்விகளில் எவருடைய எண் மிஞ்சியது, எவருடையது போயிற்று என்று பதிவைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மனுவில் கையெழுத்து மு. செல்வி. முகவரியும் இருவருக்கும் ஒன்றே.

மேடத்திடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்தார். மூன்று பேரைச் சுற்றி, அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் கிடைத்தார். வீட்டு முற்றம், புளியமரம், இருவரின் பிள்ளைகள் என்று பேச்சு எங்கெங்கோ போய் வந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் கைப்பேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பணம் நின்றது உயரமானவருக்காம். அடுத்தவர் தன் பணத்தில் பாதியை மாதாமாதம் இவரிடம் கொடுத்துவிடுகிறாராம். பாஸ்புக்கை வாங்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்றேன். பிரிக்கும் நிரலை எழுதி முடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.