பயனாளிகள் கட்டத்துக்கு வெளியே

கடலூர் மாவட்டக் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான் இருந்த ஆண்டுகளில், மார்ச் மாதம் பிறந்தால் நிரப்பியாக வேண்டிய படிவம் ஒன்று உண்டு. நிகழ்ச்சியின் பெயர், நாள், கலந்துகொண்ட மாணவர் எண்ணிக்கை, பயனாளிகள் எண்ணிக்கை, எடுத்த இடம் பதிவாகும்படி ஜியோ டேக் செய்த புகைப்படங்கள் ஆகியவற்றை அதில் தர வேண்டும். பயனாளிகள் என்ற கட்டத்தை நிரப்புவதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. ஏரிக்கரையில் நூறு நாள் வேலையில் இருப்பவர்களை, பணித்தளப் பொறுப்பாளரிடம் சொல்லி, அரை மணி நேரம் சாமியானாவுக்கு அடியில் உட்கார வைத்துவிட்டால், நீர் மேலாண்மை பற்றிப் பேராசிரியர் ஒருவர் பேசி முடிப்பதற்குள் தலைகளை எண்ணிவிடலாம். மண்வெட்டியோடு வந்தவர்கள் மண்வெட்டியோடு எழுந்து போவார்கள். அன்றைக்கு அவர்கள் அனைவரும் எங்கள் பயனாளிகள்.

இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நாங்கள் நினைத்ததில்லை. 1969-இல் காந்தி நூற்றாண்டின்போது 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட திட்டம் இது. ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்கான அறிக்கையோ, கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை விரிவாக்கப் பணிகள், அதாவது கல்லூரிக்கு வெளியே மக்களிடையே செய்யும் பணிகள், நடந்தன என்று கேட்கிறது. தாக்கம் என்ன என்ற கேள்வியும் அங்கே இருக்கிறது என்றாலும், எண்ணுக்கு ஆதாரம் கேட்பவர்கள் தாக்கத்துக்குக் கேட்பதில்லை என்பதால், அதை மொழிநடை கைவந்த ஆசிரியர் ஒருவர் ஒரே மாலையில் எழுதி முடித்துவிடுவார். எண்ணவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை காட்டாத துறைக்கு மறு ஆண்டு முகாமுக்குப் பேருந்து கிடைக்காது.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் நெசவாளர்கள் வாழும் ஒரு தெருவில் நாங்கள் நடத்திய கண் பரிசோதனை முகாமை, எங்கள் கல்லூரியின் சிறந்த பணிகளில் ஒன்றாக நெடுநாள் கருதியிருந்தேன். ஓராண்டுக்கும் மேலான பிறகு வேறொரு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது, குழித்தறியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், பாவில் அறுந்துபோன இழையை விரல் நுனியால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். இழை அகப்பட்டதும் முடி போடுவதற்குப் பேத்தியைக் கூப்பிட்டார். என் குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டு, "புரை இருக்குன்னு சொன்னீங்க சார். பஸ் வரும், கூட்டிக்கிட்டுப் போறோம்னு எழுதிக்கிட்டீங்க" என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனிகூட இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று மட்டும் தெரிவித்தார்.

எழுதிக்கொண்டது உண்மைதான். அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் பட்டியல் தட்டச்சு செய்யப்பட்டு, முதல்வர் கையொப்பத்தோடும் கல்லூரி முத்திரையோடும் எங்கள் பீரோவில் இருந்தது. மதிப்பீட்டுக்கு வந்த குழுவினர் அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்து, ஆவணப்படுத்தல் நன்றாக இருப்பதாகப் பாராட்டியும் சென்றார்கள். அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைக் கிராம செவிலியரிடமோ ஊராட்சி அலுவலகத்திலோ கொடுத்திருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலில் தோன்றியிருக்க வேண்டியவன் நான்.

பிறகு நகலோடு வீடு வீடாகப் போனபோது வேறொரு சிக்கல் எழுந்தது. பட்டியலில் இருந்த சிலர் எங்களுக்காகக் காத்திராமல், மகனோடோ மருமகளோடோ பேருந்து பிடித்துத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய் அறுவை செய்துகொண்டு வந்திருந்தார்கள். இவர்களை எங்கள் பயனாளிகள் என்று எழுதலாமா? புரை இருப்பதைச் சொன்னது நாங்கள், அழைத்துச் சென்றது குடும்பம், குணப்படுத்தியது மருத்துவமனை. இளைய ஆசிரியர் ஒருவர் தாராளமாக எழுதலாம் என்றார். எங்கள் முகாம் நடக்காதிருந்தால் இவர்கள் போயிருக்கமாட்டார்களா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எழுதக்கூடாது என்று நான் வாதிட்டேன். சமூகப் பணிகளின் மதிப்பீட்டில் ஆகக் கடினமான கேள்வி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடலோர ஊர்களில் நிலைமை வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 மழைவெள்ளம் என்று ஒவ்வொரு இடருக்குப் பிறகும் அங்கே கேள்வித்தாளோடு போனவர்கள் ஏராளம். மீனவர் குடியிருப்பு ஒன்றில் என் மாணவி வருமானம் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள், மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "அடுத்தது கக்கூஸ் இருக்கான்னு கேப்ப. இருக்கு, எழுதிக்க கண்ணு" என்றார். கேள்விகளின் வரிசை அவருக்கு மனப்பாடம். அந்த விடைகளைத் தொகுத்து ஊருக்குத் திருப்பிச் சொன்னவர் யாராவது உண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

இந்த இரண்டு அனுபவங்களுக்கும் பிறகு, முகாம் முடிந்து ஆறு மாதம் கழித்து, பேனரும் கேமராவும் இல்லாமல், அதே ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுவோடு உட்கார்ந்து பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதல் கூட்டத்தில் எல்லாரும் நன்றாக இருந்தது என்றே சொன்னார்கள். வந்தவர்களைக் குறை சொல்வது அவர்கள் பழக்கமில்லை. பொருளாளராக இருந்த அக்கா ஒருவர் மட்டும், நாங்கள் எழும் நேரத்தில், "பசங்க இருந்த ஏழு நாளும் எங்க தெருவுக்குத் தண்ணி வரல" என்றார். விசாரித்தபோது விளங்கியது. முகாமில் தங்கியிருந்த ஐம்பது மாணவர்களும் காலை ஆறு மணிக்குப் பள்ளி வளாகத்துக் குழாயில் குளித்தார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் முதலில் பள்ளிக்கும், பிறகு மேலைத் தெருவுக்கும், கடைசியில் அவர்கள் இருக்கும் காலனிக்கும் போகும். தொட்டி அதற்குள் காலியாகிவிடும். காலனிப் பெண்கள் அந்த ஏழு நாளும் வயல் மோட்டாருக்குக் குடம் தூக்கிப் போயிருக்கிறார்கள். அந்த முகாமின் தலைப்பு நீர் சேமிப்பு.

எந்தப் படிவத்திலும் இதை எழுத இடமில்லை. நாங்கள் கொடுத்ததை எழுதக் கட்டம் உண்டு. எங்களால் ஊர் இழந்ததை எழுதக் கட்டம் கிடையாது. கையால் ஒரு கோடு போட்டு அதைச் சேர்த்தேன். முதல்வர் அலுவலகத்திலிருந்து, கோடு போட்ட பக்கத்தை நீக்கிவிட்டு மறுபடி அனுப்புமாறு குறிப்பு வந்தது. நீக்கித்தான் அனுப்பினேன்.

அடுத்த ஆண்டு முகாமுக்கு, மாணவர்கள் குளிப்பதற்கென்று தினமும் டிராக்டரில் ஒரு டேங்கர் தண்ணீர் வரவழைத்தோம். முகாம் கணக்கில் உணவு, போக்குவரத்து, எழுதுபொருள் ஆகியவற்றுக்குத் தலைப்புகள் இருந்தன. தண்ணீருக்கு இல்லை. ஊரில் குழாய் இருக்கும்போது விலைக்கு எதற்குத் தண்ணீர் என்று தணிக்கையாளர் கேட்டார். காலனியைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதைப் பாதி வரை கேட்டுவிட்டு, இதரச் செலவு என்று எழுதச் சொல்லி ரசீதைத் திருப்பித் தந்தார்.