மருந்து எங்கே போகிறது?

2021-ல் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற ஸைகோவ்-டி என்ற கொரோனா தடுப்பு மருந்துக்கு ஊசி கிடையாது. ஒரு கருவியின் மெல்லிய துளை வழியே மருந்தே பீறிட்டுத் தோலைத் துளைக்கும். இவ்வகைக் கருவிகள் சிலவற்றில் வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும்.

சரி, உள்ளே போனபின்? ஜெல் கட்டியில் செலுத்தினால் அதிவேக கேமராவில் அழகாகத் தெரியும். ஆனால் ஜெல் கண்ணாடி மாதிரி, உடம்பு அப்படியா? தோல், கொழுப்பு, தசை என ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு குணம். அதனால் ஆய்வாளர்கள், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் அயோடின் கலந்த திரவத்தை இறைச்சித் துண்டில் செலுத்திப் படமெடுக்கிறார்கள். நேராக இறங்காமல், அடுக்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் பரவவும் செய்யும்!

எனக்கு இதில்தான் அக்கறை: தோலுக்கடியில் கொழுப்பில் சேர வேண்டிய இன்சுலின் தசைக்குள் போய்விட்டால் சர்க்கரை வேகமாக இறங்கிவிடும். காட்பாடி வீட்டில் அம்மாவுக்குப் படம் காட்டி விளக்கினேன்.

“அதெல்லாம் இருக்கட்டும், வெல எவ்ளோடா?”