பழைய ஓட்டுத் துண்டு

"அண்ணை, ஒரு பெட்டி காணாது, ரெண்டு போடுங்கோ" என்றார் கடைத் தம்பி. விலையைக் கேட்டதும் மீன்தொட்டி ஃபில்டருக்குள் போடும் அந்தச் செராமிக் வளையங்களை மெல்லத் திருப்பி வைத்தேன்.

உப்புவெளிக்குத் திரும்பும் வழியில் கூரை மாற்றும் வீடொன்று. வாசலில் பழைய களிமண் ஓடுகள் குவிந்து கிடந்தன. கேட்டேன். "கொண்டு போங்கோ" என்றார்கள்.

வீட்டில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் கரகரவென்று, ஊசிமுனைத் துளைகளோடு இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உருளவில்லை, வழியவில்லை, அப்படியே உள்ளே போய்விட்டது.

கனிஸ்டர் ஃபில்டர் என்பது தொட்டித் தண்ணீரை இழுத்துச் சுத்தமாக்கித் திருப்பி விடும் மூடிய டப்பா. அதற்குள் நமக்கு வேண்டியது இதுதான்: பக்டீரியா ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு, அதன் மேல் நிற்காமல் ஓடும் தண்ணீர். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுவது அந்தப் பக்டீரியாதான்.

கடற்கரையில் ஒதுங்கும் முருகைக்கல்லைப் போடலாம் என்பார்கள். வேண்டாம். அது மெல்லக் கரைந்து தண்ணீரின் வன்மையைக் கூட்டும். நியோன் டெட்ரா போன்ற மீன்களுக்கு ஆகாது.

பெயின்ற் பட்ட ஓடுகளை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சிறிதாக உடைத்து, தூள் போகக் கழுவி, அவித்து எடுத்தேன். தண்ணீர் முதலில் தொடும் தட்டில் ஸ்பொஞ்ச், அடுத்ததில் ஓடு. ஃபில்டரில் ஏற்கெனவே இருந்த பழைய வளையங்களை எறியவில்லை. குழாய்த் தண்ணீரின் குளோரின் படாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசி ஓட்டோடு கலந்துவிட்டேன். அவற்றிலுள்ள பக்டீரியா இனி ஓட்டிலும் படர வேண்டும்.

அதுவரை தீனி கொஞ்சம் குறைவுதான், பிள்ளைகளே.