கார்டுவெய்னர்: ஒரு தொழிற்பெயரும் அதற்குள் இருக்கும் ஊரும்

பழைய இங்கிலாந்தின் உயில்களையும் திருமணப் பதிவுகளையும் படிப்பதில் எனக்கு நெடுநாளைய ஈடுபாடு உண்டு. அவற்றில் பெரும்பாலும் ஒருவருடைய பெயரை அடுத்து அவர் செய்த தொழிலும் எழுதப்பட்டிருக்கும். தச்சர், கொல்லர், நெசவாளர் என்று எளிதாகக் கடந்துபோகும் வரிசையில் ‘கார்டுவெய்னர்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கண்டபோது, ‘கார்டு’ என்றால் கயிறு, ‘வெய்ன்’ என்றால் பாரவண்டி, ஆகவே வண்டிகளுக்குக் கயிறு திரித்துக் கொடுத்தவராக இருக்க வேண்டும் என்று நானாகவே பொருள் கொண்டேன். அது முற்றிலும் தவறு. கார்டுவெய்னர் என்பவர் காலணி செய்பவர். அந்தச் சொல்லில் கயிறும் இல்லை, வண்டியும் இல்லை. ஸ்பெயினின் கோர்தோபா நகரம் இருக்கிறது.

10ஆம் நூற்றாண்டில் உமையா என்ற முஸ்லிம் அரச மரபினரின் தலைநகராக விளங்கிய கோர்தோபா, மென்மையான ஆட்டுத்தோலுக்கு ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. கோழிக்கோட்டின் பெயர் ‘காலிகோ’ என்ற துணியில் தங்கியதுபோல, கோர்தோபாவின் பெயர் அந்தத் தோலுக்கே ஆகிவந்தது. அத்தோலில் வேலை செய்தவரைக் குறிக்கப் பழைய பிரெஞ்சு மொழியில் உருவான சொல், நார்மானியர்களின் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து, நாக்குகளில் உருண்டு, கார்டுவெய்னர் ஆயிற்று. லண்டனில் அவர்களுக்கு 1272ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்ட விதிகள் இருந்தன; 1439இல் அவர்களது தொழிற்சங்கத்துக்கு அரச சாசனமும் கிடைத்தது. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது; நகரத்தின் வட்டங்களுள் ஒன்று இன்றும் கார்டுவெய்னர் என்றே அழைக்கப்படுகிறது.

சங்கத்தின் பெருமை ஒரு வேறுபாட்டின் மேல் நின்றது. கார்டுவெய்னர் புதுத் தோலில் புதுக் காலணி செய்பவர். ‘காப்ளர்’ பழைய காலணியைச் செப்பனிடுபவர். ஒருவரது வேலையில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்பதற்காக, யார் எந்தத் தோலைத் தொடலாம் என்பதுவரை விதிகள் வகுக்கப்பட்டன. தமிழில் நாம் இருவரையும் ‘செருப்புத் தைப்பவர்’ என்று ஒரே சொல்லால் சுட்டிவிடுவதால், இந்தக் கோட்டின் அழுத்தம் மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடுகிறது. எனக்கு இது சிறிய இழப்பாகத் தோன்றவில்லை.

வியப்பு என்னவென்றால், மதிப்பு முழுவதும் கார்டுவெய்னருக்குச் சென்றிருக்க, சொல்விளையாட்டு முழுவதும் காப்ளரிடம் சேர்ந்திருக்கிறது. அதன் சிறந்த எடுத்துக்காட்டு 1599இல் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் முதல் காட்சி. வேலை நாளில் தெருவில் திரியும் மக்களை இரண்டு அதிகாரிகள் மடக்கி, உன் தொழில் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்கள். தச்சர் நேராகப் பதில் சொல்லிவிடுகிறார். அடுத்தவரோ, நேர்த்தியான வேலைக்காரரோடு ஒப்பிட்டால் தாம் ஒரு காப்ளர்தான் என்கிறார். அக்கால ஆங்கிலத்தில் காப்ளர் என்ற சொல்லுக்கு, எந்த வேலையையும் அரைகுறையாக ஒப்பேற்றுபவர் என்ற பொருளும் இருந்தது. ஆகவே தொழிலின் பெயரைச் சொன்ன பிறகும் அது அதிகாரியின் காதில் தொழிலாக விழவில்லை. நேராகப் பதில் சொல் என்று அவர் மீண்டும் அதட்டுகிறார்.

அதற்குக் கிடைக்கும் விடைதான் காட்சியின் உயிர். தாம் கெட்டுப்போன ‘சோல்’களைச் சீராக்குபவர் என்கிறார் அந்தத் தொழிலாளி. எழுத்து வேறுபட்டாலும் காலணியின் அடித்தோலும் மனிதரின் ஆன்மாவும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. இதைத் தமிழில் கொண்டுவரவே முடியாது என்று எண்ணிப் பலநாள் விட்டுவைத்திருந்தேன். பிறகு ஒருநாள் ‘உள்ளங்கால்’ என்ற சொல் தானாக வந்து நின்றது. “நைந்துபோன உள்ளங்...” என்று தொழிலாளி இழுக்க, அதிகாரி அதை ‘உள்ளம்’ என்று கேட்டுச் சினக்க, “...கால்களுக்குத் தோல் வைப்பவன் ஐயா” என்று அவர் முடித்தால், மூலத்தின் சிலேடை ஏறத்தாழ முழுமையாகவே தமிழில் நிற்கும். துளையிடும் குத்தூசிக்கும் ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கும் உள்ள ஒலியொற்றுமையை வைத்து அதே மனிதர் தொடுக்கும் அடுத்த சிலேடைக்கு இதுவரை எனக்கு வழி அகப்படவில்லை.

இதே தொழிலிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். கிரேக்க ஓவியர் அபெல்லிஸ் தம் ஓவியத்தைப் பார்வைக்கு வைத்துவிட்டு, மறைவில் நின்று மக்கள் பேசுவதைக் கேட்பாராம். காலணி செய்பவர் ஒருவர் ஓவியத்திலிருந்த செருப்பில் குறை சொன்னார், ஓவியர் திருத்தினார். அந்த ஊக்கத்தில் காலணி செய்பவர் காலின் வடிவத்தையும் குறை கூறத் தொடங்கியபோது, செருப்புக்கு மேலே போகாதே என்று அபெல்லிஸ் தடுத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்த லத்தீன் தொடரிலிருந்து, தமக்குத் தெரியாத துறையில் தீர்ப்பு வழங்குபவரைக் குறிக்கும் ‘அல்ட்ராகிரெபிடேரியன்’ என்ற சொல் வந்தது. 1819இல் ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், இதழாசிரியரும் திறனாய்வாளருமான வில்லியம் கிஃபர்டை அச்சொல்லால் தாக்கினார். கிஃபர்டு சிறுவயதில் காலணி செய்பவரிடம் தொழில் பழக விடப்பட்டவர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த அடி இரண்டு இடத்தில் விழும். சிலேடையாக அது கூர்மையானது. ஆனால் ஒருவர் பிழைக்கக் கற்ற தொழிலையே அவர்மேல் எறிவதை என்னால் ரசிக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியரின் தொழிலாளி தம் தொழிலைத் தாமே ஆயுதமாக ஏந்துகிறார். இங்கே அது பிறர் கையில் இருக்கிறது.

கார்டுவெய்னர் என்ற சொல்லை வைத்து விளையாடியவர் எனக்குத் தெரிந்து முக்கியமாக ஒருவரே. அமெரிக்கப் பேராசிரியர் பால் லைன்பார்கர், அறிவியல் புனைகதைகள் எழுதியபோது ‘கார்டுவெய்னர் ஸ்மித்’ என்ற புனைபெயரைச் சூடினார். ஸ்மித் என்றால் கொல்லர். ஆங்கிலத்தின் மிக அரிய தொழிற்பெயர் ஒன்றும் மிகச் சாதாரணமான குடும்பப்பெயர் ஒன்றும் அருகருகே வந்து, தோலும் இரும்பும் ஒரு மனிதரின் பெயராயின.

பிரெஞ்சில் இதே சொல்லின் பயணம் வேறு திசையில் சென்றது. அங்கே அது ‘கோர்தொனியே’ ஆயிற்று. நாடாவைக் குறிக்கும் ‘கோர்தோன்’ என்ற சொல்லின் சாயலும் அதில் ஏறியது. சொல்லுக்குள் கயிற்றைத் தேடிய என் பிழையைப் போன்ற ஒன்றை ஒரு மொழியே செய்திருக்கிறது. முன்னாளில் அங்கும் புதிதாகச் செய்பவர் கோர்தொனியே, செப்பனிடுபவர் ‘சவெத்தியே’ என்ற பிரிவு இருந்தது. சவெத்தியே வழக்கொழிந்தது, கோர்தொனியே கீழிறங்கி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இன்று பாரிசில் குதிகால் தேய்ந்த காலணியை அவரிடம்தான் கொண்டுபோவார்கள். கோர்தொனியேயின் காலில்தான் மிக மோசமான காலணி இருக்கும் என்ற பழமொழியும் அங்கு அன்றாடம் வழங்குகிறது. ஆங்கிலத்தின் கார்டுவெய்னரோ தன் உயரத்தை விட்டு இறங்கவில்லை. சங்கத்தின் பெயரிலும், வட்டத்தின் பெயரிலும், கையால் காலணி செய்யும் சிலர் தங்களைக் குறித்துக்கொள்ளும் வழக்கிலும் மட்டும் இருக்கிறது.

என் குறிப்பேட்டில் இப்போது கார்டுவெய்னர் என்பதற்கு எதிரே ‘காலணி செய்பவர்’ என்றும், காப்ளர் என்பதற்கு எதிரே ‘காலணி செப்பனிடுபவர்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். கோர்தொனியே என்று வரும் இடங்களில் மட்டும் அந்த ஆவணத்தின் ஆண்டைப் பார்த்த பிறகே பேனாவை எடுக்கிறேன்.