ஐயா சொன்ன ‘நீங்க’

ஐயா தவறிவிட்டார் என்ற செய்தி நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து காரியத்துக்குப் போக முடியவில்லை. பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை.

தமிழ்ப்பள்ளி முடித்ததும் சேரும் புகுமுக வகுப்பில் நமக்கு ஆங்கிலம் எடுத்தவர். பொடியன்களான நம்மையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவருடைய ‘தவ்’ பாடம் நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் ஒருமைக்குத் ‘தவ்’, பன்மைக்கு ‘யூ’ என்று இருந்ததாம். பெரிய மனிதர்களுக்குப் பன்மை போட்டுப் பேசத் தொடங்கி, அது மெல்ல எல்லாருக்கும் ஆகி, ‘தவ்’ வழக்கொழிந்து போனது. 1603இல் கடலோடி வால்டர் ராலே மீதான ராஜத்துரோக வழக்கில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை அவமதிக்கவே ‘தவ்’ போட்டுப் பேசியதை நடித்தே காட்டினார். “இங்கிலீஷ்ல மரியாதை இல்லைன்னு சொல்லாதீங்க. அவங்க தொலைச்சது ‘நீ’யை. ‘நீங்க’ எல்லாருக்கும் கிடைச்சிருச்சு.”

அப்பா பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒருநாள் கட்டணத்துக்குத் தவணை கேட்டுப் பள்ளிக்கு வந்தார். அலுவலகத்தில் இருந்தவர் தலை நிமிராமல், “உனக்கு என்னய்யா வேணும்?” என்றார். அப்பா கையிலிருந்த பழைய ரசீதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம் வந்த ஐயா, நாற்காலியில் கிடந்த கோப்புகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, “நீங்க உட்காருங்க” என்றார். அப்பா உட்காரவில்லை. ஐயாவும் கடைசிவரை நின்றுகொண்டே பேசினார்.

இங்கே சுவீடனில் எல்லாரும் எல்லாருக்கும் ‘டூ’, அதாவது ‘நீ’. முன்பெல்லாம், நாம் ஆசிரியர்களிடம் மலாயில் ‘சிக்கு’ (ஆசிரியர்) போட்டுப் பேசியது போல, பட்டத்தைச் சொல்லித்தான் பேசுவார்களாம். 1967இல் மருத்துவ வாரியத் தலைவரான ப்ரூர் ரெக்செட், ஊழியர் எல்லாரையும் ‘டூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே பரவிவந்த பழக்கம் அதோடு வேகம் பிடித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும், கடைசியில் நிற்பவருக்கும் ‘நீங்க’ கொடுத்துச் சமமாக்கிய ஐயாவின் வழிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஊரிலேயே இருந்த நண்பர்கள் தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டுக்குப் போய்வந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர்களிடம் ‘நீ’க்கு மாறிவிட்டாராம். “வாடா, சாப்பிட்டியா?” என்பாராம். நான் போனில்தான் பேசினேன். “நீங்க எப்படி இருக்கீங்க? அங்க ரொம்பக் குளிரா?” என்றுதான் கடைசிவரை கேட்டார். பினாங்கிலேயே இருந்திருந்தால் எனக்கும் ஒரு ‘வாடா’ கிடைத்திருக்கும்.