தம்பின்னா என்ன அர்த்தம்னு கேட்டாரு

2014 மே மாசம், ரெண்டாம் உலகப் போர்ல இத்தாலியில நடந்த மான்டே கசினோ சண்டை முடிஞ்சு எழுபது வருஷம் ஆனத ஒட்டி இங்கிலாந்துல யார்க்ஷயர்ல ஒரு மைதானத்துல நாங்க பெய்லி பாலம், அதாவது இரும்புச் சட்டங்களக் கோத்துப் போடுற ராணுவப் பாலம், கட்டிக் காட்டிட்டு இருந்தோம். அந்தக் காலத்து யூனிஃபார்ம் போட்டு, அந்தக் காலத்து சாமான்களையே வெச்சு, அன்னைக்கு சிப்பாய்ங்க செஞ்ச வேலைய ஜனங்க முன்னாடி அப்படியே செஞ்சு காட்டுறதுதான் எங்க க்ரூப்போட வேலை. கூட்டம் பெரும்பாலும் துப்பாக்கி சத்தம் கேக்குற பக்கம்தான் போகும். எனக்குப் பாலம்தான் உசுரு.

அந்தச் சட்டத்துக்குப் பேரு பேனல். ஒரு பேனல் பத்து அடி நீளம், 570 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 260 கிலோ. அத ஆறு பேர் குறுக்குக் கம்பி போட்டுத் தூக்கணும். கிரேன் கிடையாது. கரையிலயே ஒண்ணோட ஒண்ணு கோத்து, முன்னாடி மூக்கு மாதிரி வெயிட் கம்மியா ஒரு பகுதி மாட்டி, உருளை மேல வெச்சு ஆத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டே போவாங்க. ராத்திரியில, லைட் இல்லாம, எதிரி ஷெல் அடிச்சிட்டு இருக்கும்போது.

அன்னைக்கு மத்தியானம் மக கையப் பிடிச்சிக்கிட்டு ஒரு தாத்தா வந்தாரு, தொண்ணூத்தி ரெண்டு வயசு, பிரிட்டிஷ் ராணுவத்தோட பொறியாளர் படையான ராயல் இன்ஜினியர்ஸ்ல இருந்தவரு, கசினோவுல பாலம் போட்டவரு. என் மூஞ்சியப் பாத்துட்டு எந்த ஊருன்னு கேட்டாரு. வேலூர்னா தெரியாதேன்னு மெட்ராஸ் பக்கம்னு சொன்னேன். சொன்ன வாய் மூடல, "தம்பி!"ன்னாரு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. இந்திய ராணுவத்துல பாலம் போடுற, கண்ணிவெடி எடுக்குற மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவு ஆளுங்கள தம்பின்னுதான் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வாயில அது வரும்னு நான் நெனச்சே பாக்கல. அவருக்கு அது ஏதோ படைப்பிரிவு பேருன்னுதான் எழுபது வருஷமா நெனப்பு. என்ன அர்த்தம்னு கேட்டாரு, கூடப் பொறந்த சின்னவன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, மக கையத் தட்டிக்குடுத்துட்டே இருந்தாரு.

அப்புறம் பேனல் பக்கத்துல வந்து, பேனலக் கோக்க நாங்க மாட்டியிருந்த இரும்புப் பின்னோட தலைய விரலால தடவிப் பாத்தாரு. அதுல ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அதே பக்கம்தான் மறு முனையில, பின் கழண்டு வராம இருக்கக் கிளிப் மாட்டுற ஓட்டையும் ஓடும், இருட்டுல கண்ண மூடிக்கிட்டு விரல வெச்சே கண்டுபிடிச்சிடலாம்னு காட்டினாரு. ரெண்டு வருஷமா அந்தப் பின்ன கையில எடுத்திருக்கேன், அந்தக் கோடு எதுக்குன்னு நான் யோசிச்சதே இல்ல.

அவர்கிட்ட சுபேதார் சுப்ரமணியன் கதையச் சொன்னேன். மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர், தமிழர், 1944 பிப்ரவரி 24, கசினோவுக்குத் தெக்கால மிஞானோ பக்கத்துல கண்ணிவெடி தேடுற வேலையில இருந்தப்ப, வெடிக்கப் போற ஒண்ணு மேல தானே பாய்ஞ்சு விழுந்து கூட இருந்தவங்களக் காப்பாத்தி உயிர விட்டவரு. பிரிட்டனோட ரொம்ப உயர்ந்த வீர விருதான ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. நம்ம ஊர்ல எத்தன பேருக்கு இந்தப் பேரு தெரியும்? எனக்கே இங்க வந்துதான் தெரிஞ்சுது, அது இன்னிக்கும் மனச அறுக்குது.

சாயங்காலம் பெரிய மைதானத்துல சண்டைக் காட்சி, பசங்க சுடுபட்ட மாதிரி சுருண்டு சுருண்டு விழுந்தாங்க. தாத்தா சேர திருப்பிப் போட்டு உக்காந்துட்டாரு. கிளம்பும்போது என்கிட்ட சொன்னது இதுதான்: நாங்க தூக்கினதக் காட்டு, செத்ததக் காட்டாத. அதுக்கப்புறம் நான் விழுந்து சாகுற எந்த சீன்லயும் நிக்கிறதில்ல, எவ்வளவு சொன்னாலும். எங்க க்ரூப்ல யாரும் மெடல் குத்திக்கிறதும் இல்ல, நாங்க சம்பாதிச்சது இல்லையே.

2017ல தாத்தா போயிட்டாரு. இப்ப நாங்க சாயங்காலம் இருட்டினதுக்கப்புறம் ஒரு தடவ லைட் போடாம பாலம் கட்டுறோம், பின் மாட்டுறப்ப விரல் தானா அந்தக் கோட்டத் தேடும். வர்ற கோடையிலயும் கட்டுறோம், பேனலுக்கு ஆறு பேர் வேணும், அஞ்சு பேர்தான் இருக்கோம். இங்கிலாந்துல இருக்குற நம்ம ஆளுங்க யாராவது வர்றீங்களா? கையுறை நான் தர்றேன்.