ஹைலேண்ட் மலையில் ஒரு விடிலி

மாசி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் பனங்காட்டுக்குள் புகை எழும்பும். உடன்குடிக்குத் தெற்கே பெரியப்பாவின் விளையில் ஓலை வேய்ந்த விடிலி ஒன்று இருந்தது. பெரியம்மா அதற்குள் உட்கார்ந்து பதநீர் காய்ச்சுவார். பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் ஒரு வாசனை வரும் பாருங்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களை ஒற்றையடிப் பாதையிலேயே இழுத்துப் பிடித்துவிடும். கிட்டத்தட்ட அதே வாசனையை இந்த மார்ச் மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து மேற்கு ஓரத்தில், பனி முழுக்க உருகாத ஒரு மலைச்சரிவில் முகர்ந்தேன்.

இடத்தின் பெயர் ஹைலேண்ட் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. மேற்கு வர்ஜீனியா எல்லையை ஒட்டிய மலைநாடு. வர்ஜீனியாவிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி இதுதான். 2020 கணக்கெடுப்பில் 2,232 பேர். நானூறு சதுர மைலுக்கு மேல் பரப்பு, அதில் இவ்வளவு பேர்தான். 1900-ல் ஐயாயிரம் பேருக்கு மேல் இருந்த இடம். இந்தச் சின்னக் கூட்டம் 1958 முதல் ஆண்டுதோறும் மார்ச்சில், மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் பருவத்தில், இரண்டு வாரக்கடைசிகள் மேப்பிள் திருவிழா நடத்தி, பல்லாயிரம் பேரை வரவழைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புகிறது.

ஸ்டான்டன் நகரத்தைத் தாண்டி 250-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினோம். அங்கிருந்து மாண்டரே போய்ச்சேரும்வரை மலைமேல் மலை. ஷெனண்டோவா மலையின் உச்சியில் வண்டியை நிறுத்தினால் காட்டுக்குள் நீளமாக மண்மேடு தெரிகிறது. 1862-ல் உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலப் படையினர் வெட்டிய காப்பரண். அதற்கு அப்பால் எங்கள் கைப்பேசிகளில் சிக்னல் இல்லை. பக்கத்து மாநிலத்தில் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி இருப்பதால், இந்தப் பகுதி முழுவதும் வானொலி அலைகளுக்குக் கட்டுப்பாடு உள்ள மண்டலத்துக்குள் வருகிறது. பின்சீட்டில் இருந்த மகள் முதலில் முகம் சுருக்கினாள். பத்து நிமிடத்தில் சன்னலுக்கு வெளியே ஆடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

வழியில் மெக்டவல் என்ற சிற்றூர். 1862 மே 8 அன்று ஸ்டோன்வால் ஜாக்சனின் தென்மாநிலப் படைக்கும் வடமாநிலப் படைக்கும் இங்கே சிட்லிங்டன் குன்றின்மேல் சண்டை நடந்தது. இருட்டும்வரை நீடித்த சண்டையில் தென்மாநிலப் படை வென்றது. ஆனால் வென்றவர்கள் பக்கத்தில்தான் சாவும் காயமும் அதிகம். அன்று காயம்பட்டவர்களைக் கிடத்திய செங்கல் வீடுதான் இப்போது கவுண்டியின் அருங்காட்சியகம். 1851-ல் கட்டியது. மனிதரை அடிமையாக வைத்திருப்பதா கூடாதா என்பதற்காக நடந்த போர், இப்படி ஒரு வீட்டின் முன்னறைவரை வந்து படுத்திருக்கிறது. அந்தத் தரைப்பலகைமேல் நடக்கவே தயங்கினேன்.

மாண்டரே, கவுண்டியின் தலைமை ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரம். நீதிமன்றக் கட்டடம், 1904-ல் எழுந்த அகலத் திண்ணை வைத்த பழைய விடுதி, ஒரே ஒரு பெரிய தெரு. திருவிழா நாளில் அந்தத் தெரு முழுக்க மேப்பிள் பாகு தோய்த்த டோனட்டுக்கு வரிசை. சூடாக, விரலில் ஒட்டும்படி வாங்கினோம். கருங்கோதுமை (பக்வீட்) மாவில் சுட்ட தடித்த தோசை மாதிரி ஒன்றும் தந்தார்கள். அதில் லேசான கசப்பு உண்டு. மேப்பிள் பாகு சேரும்போது அந்தக் கசப்புதான் ருசியைத் தூக்கிக் கொடுக்கிறது.

எனக்கு மனம் நிறைந்தது சாப்பாட்டைவிட, அதைப் பரிமாறிய கைகளைப் பார்த்துத்தான். தட்டு எடுத்து வைத்தவர் தன்னார்வத் தீயணைப்பு வீரர். காசு வாங்கியது பள்ளிக்கூடப் பிள்ளை. தீயணைப்பு, அவசர ஊர்தி, பள்ளிச் சங்கங்கள், தேவாலயங்கள் என்று ஊரில் உள்ள பொதுக்காரியங்கள் பலவற்றுக்கும் ஆண்டுச் செலவுக்குப் பெரும்பணம் சேருவது இந்த நான்கு நாளில்தான். கோயில் கொடைக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வரி பிரிப்போம். இவர்கள் வீட்டுக்கு வீடு உழைப்பைப் பிரித்திருக்கிறார்கள்.

மதியத்துக்குமேல் ஒரு பாகு காய்ச்சும் கொட்டகைக்குப் போனோம். திருவிழா நாட்களில் இவை எல்லோருக்கும் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. தகரக் கூரையின் உச்சியில் ஆவி போகத் திறப்பு. உள்ளே விறகு அடுப்பின்மேல் தடுப்புத் தடுப்பாகப் பிரித்த நீளமான தட்டை வாணலி. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகள் மேப்பிள் மரத்தில் சர்க்கரை எடுத்தார்கள். அடிப்படை இன்றும் அதுதான். இரவில் உறைகுளிர், பகலில் கொஞ்சம் வெயில், இரண்டும் மாறி மாறி வந்தால் மரத்துக்குள் சாறு ஓடும். துளையிட்டுக் குழாய் செருகினால் சொட்டும். மரம் துளையிடும் பருமனுக்கு வரவே சுமார் நாற்பது ஆண்டுகள் ஆகும்.

ஒரு காகிதக் கோப்பையில் காய்ச்சாத சாற்றைக் கொடுத்தார்கள். தண்ணீர் மாதிரியே இருந்தது, முடிவில் மட்டும் ஒரு சிறு இனிப்பு. சர்க்கரை இரண்டு சதவீதம்தான். அதனால் நாற்பது காலன் சாறு வற்றினால்தான் ஒரு காலன் பாகு. பதநீரின் இனிப்புக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. இதை வைத்துக்கொண்டு இவ்வளவு விறகை எரிக்கிறார்களே என்று அந்தப் பொறுமைமேல் எனக்கு மரியாதை வந்தது.

அடுப்படியில் நின்றவருக்கு எழுபது வயதுக்குமேல் இருக்கும். நுரை பொங்கி விளிம்புக்கு ஏறியபோது பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு துளி பாலேட்டை உள்ளே விட்டார். அத்தனை நுரையும் அடங்கிப் போனது. என்னையறியாமல் “ஆமணக்கு முத்து!” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பெரியம்மா செய்வது அதேதான். பதநீர் பொங்கும்போது ஓர் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார், பொங்கல் படுத்துவிடும்.

என்ன சொன்னேன் என்று அவர் கேட்டார். கைப்பேசியில் இருந்த பழைய படங்களை எடுத்துக் காட்டினேன். பனை, கலயம், விடிலி, சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி. அடுப்பை மகனிடம் விட்டுவிட்டு ஒவ்வொரு படத்தையும் நின்று பார்த்தார்.

“இந்த உயரத்துக்கு ஏறியா எடுக்கிறார்கள்?”

“ஆமாம் ஐயா. ஒவ்வொரு மரத்திலும் தினமும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். காலையில் பதநீர் இறக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி ஏற வேண்டும்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இப்போது யார் ஏறுகிறார்கள்?” என்றார். எங்கள் விளையில் ஆள் இல்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுப்படியில் இருந்த மகனையும், தரையில் விறகுத்துண்டை அடுக்கி விளையாடிய பேரப்பிள்ளையையும் பார்த்தார். வாணலியின் கடைசித் தடுப்பைத் திறந்து, இறக்கிய சூட்டோடு ஒரு சின்னப் புட்டியில் பாகு பிடித்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

திரும்பும்போது ஸ்டான்டன் நெருங்கையில் சிக்னல் வந்தது. அங்கே விடிந்திருக்காது என்று தெரிந்தும் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். எதையும் விசாரிக்காமல், “பெரியம்மா, விடிலியில அந்த அடுப்பு இன்னும் கெடக்கா?” என்றேன்.

“கெடக்கு மக்கா. கோழி அடையுது. ஏன், என்ன விசயம்?”